அடுக்களையில் பிறந்த ஆராய்ச்சி
(ஆக்னஸ் பொக்கெல்ஸ் அம்மையாரின் வாழ்க்கை)

இரவு உணவு முடிந்து பாத்திரம் கழுவும் வேளையை நாம் யாரும் விரும்பி வரவேற்பதில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பு நுரையும் கலந்த தண்ணீரைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்க்கிறோம். அந்தத் தண்ணீரையே உற்றுப் பார்த்து, அதனுள் ஒரு விஞ்ஞானத் துறையையே கண்டெடுத்த ஒரு பெண்மணி இருந்தார். அவர் கல்லூரி வாயிலை மிதித்து மாணவியாக ஒரு நாளும் அமர்ந்ததில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் பதவி வகித்ததில்லை. நோயுற்ற பெற்றோரைப் பேணுவதிலும் சமைப்பதிலும் வீட்டைத் துப்புரவு செய்வதிலும் அவருடைய வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. ஆயினும் மூலக்கூறுகள் நீரின் மேற்பரப்பில் எவ்வாறு தாமாகவே அணிவகுத்து நிற்கின்றன என்பதை ஆராயும் கலைக்கு வழி திறந்தவர்களில் அவர் முதன்மையானவர். அவர்தாம் ஆக்னஸ் பொக்கெல்ஸ் அம்மையார்.

பிறப்பும் இளமையும்

ஆக்னஸ் 1862-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14-ஆம் நாள் வெனிஸ் நகரில் பிறந்தார். இன்று இத்தாலியைச் சேர்ந்த அந்நகரம் அப்போது ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அவருடைய தந்தையார் தியோடர் பொக்கெல்ஸ் ஆஸ்திரியப் படையில் பணியாற்றியவர். வட இத்தாலியின் அப்பகுதிகளில் அந்நாளில் மலேரியாக் காய்ச்சல் மிகுதி. பொக்கெல்ஸ் குடும்பத்தாரும் அதற்குத் தப்பவில்லை. உடல் நலம் குன்றிய தந்தையார் உரிய காலத்துக்கு முன்பே படையிலிருந்து ஓய்வு பெற, 1871-இல் குடும்பம் ஜெர்மனியிலுள்ள பிரவுன்ஷ்வைக் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஆக்னஸுக்கு அப்போது வயது ஒன்பது. அதன்பின் அவருடைய வாழ்வு முழுவதும் அந்நகரிலேயே கழிந்தது.

பிரவுன்ஷ்வைக்கில் நகராட்சி நடத்திய பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்றார். இயற்கை விஞ்ஞானத்தில், அதிலும் பௌதிகத்தில், அவருக்கு அளவற்ற ஆர்வம். ஆனால் அக்காலப் பெண்கள் பள்ளிகளில் விஞ்ஞானம் பேருக்குத்தான் கற்பிக்கப்பட்டது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகம் செல்ல ஆசைப்பட்டார். அதற்கோ வழியில்லை. ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் கதவுகள் அப்போது பெண்களுக்குச் சாத்தியே கிடந்தன. 1900-இல்தான் பாடன் என்னும் மாநிலம் பெண்களை முழு உரிமையுள்ள மாணவியராக முதலில் ஏற்றது. மற்ற மாநிலங்கள் அதன்பின் ஒவ்வொன்றாக வழிவிட்டன. கதவுகள் மெல்லத் திறக்கத் தொடங்கிய காலத்திலும், வீட்டை விட்டுப் போக வேண்டாம் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டதால் ஆக்னஸ் தம் ஆசையை அடக்கிக்கொண்டார். மணம் புரிந்துகொள்ளாமல் தாய் தந்தையரின் நோய்ப் படுக்கையருகிலேயே இருந்துவிட்டார்.

தம்பி அனுப்பிய புத்தகங்கள்

ஆக்னஸுக்கு மூன்று வயது இளையவர் அவருடைய தம்பி பிரீட்ரிக். அவருக்கு அந்தக் கதவு திறந்தது. கோட்டிங்கன் நகரப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பயின்று, பின்னர் ஹைடல்பர்க்கில் பேராசிரியராக உயர்ந்தார். மின்புலத்தால் சில படிகங்களின் ஒளியியல் பண்பு மாறுவதை 1893-இல் ஆராய்ந்து கண்டவர் இவரே. இன்றும் அது பொக்கெல்ஸ் விளைவு என்றே வழங்குகிறது. ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவருக்குப் பல்கலைக்கழகமும் மற்றவருக்கு அடுக்களையும் கிடைத்தன. இதை எண்ணும்போது நம் மனம் நோகவே செய்கிறது.

ஆனால் தம்பி தம் தமக்கையை மறக்கவில்லை. முதலில் ஒரு சிறிய பௌதிகப் பாடநூலை வைத்துத் தாமாகவே கற்றுவந்த ஆக்னஸுக்கு, 1883 முதல் அவர் தாம் பயிலும் நூல்களை அனுப்பிவைத்தார். வீட்டு வேலை ஓய்ந்த நேரங்களில் ஆக்னஸ் அவற்றைக் கற்றார். விளங்காத கணக்குகளோடு தனியே போராடினார். கேட்டுத் தெளிய ஆசிரியர் இல்லை. கூடிப் பேசத் தோழியர் இல்லை.

தகரத் தொட்டி

அந்த நூல்கள் வருவதற்கு முன்பே அவருடைய ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. 1880-ஆம் ஆண்டு வாக்கில், பதினெட்டு வயதுப் பெண்ணாக, பாத்திரம் கழுவும் தண்ணீரைக் கவனிக்கத் தொடங்கினார். சுத்தமான நீரின் மேற்பரப்பு ஒருவிதமாகவும், எண்ணெயோ சோப்போ பட்ட நீரின் மேற்பரப்பு வேறுவிதமாகவும் நடந்துகொள்வது அவர் கண்ணில் பட்டது.

இதை நாமும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு தட்டில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, அதன்மேல் முகப் பவுடரை மெல்லத் தூவுங்கள். பிறகு விரல் நுனியில் சிறிது சோப்பைத் தடவி நடுவில் தொடுங்கள். பவுடர் நாலாபுறமும் பறந்தோடி ஒதுங்கும். தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய துணிபோல் விறைப்பாக இருக்கிறது. இதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். சோப்புப் பட்ட இடத்தில் அந்த விறைப்புத் தளர்கிறது. சுற்றியுள்ள சுத்தமான பரப்போ விறைப்பு மாறாமல் பவுடரைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது.

இதைப் பார்த்து வியப்பதோடு பலர் நின்றுவிடுவர். ஆக்னஸ் அளக்க விரும்பினார். 1882-ஆம் ஆண்டளவில், இருபது வயதில், தமக்கென ஒரு கருவியை அமைத்துக்கொண்டார். அது 70 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் 2 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு தகரத் தொட்டி. அதில் விளிம்பு வரை நீர் நிரப்பி, ஒன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தகரப் பட்டையைத் தொட்டியின் குறுக்கே, நீரைத் தொட்டபடி வைத்தார். இப்போது நீரின் மேற்பரப்பு இரண்டு பாகமாகப் பிரிந்துவிட்டது. பட்டையை இப்பக்கமும் அப்பக்கமும் நகர்த்தினால் ஒரு பாகம் சுருங்கும், மற்றது விரியும். எவ்வளவு சுருங்கியது என்பதைத் தொட்டியின் ஓரத்தில் வைத்த அளவுகோல் காட்டும். விறைப்பை அளக்க ஒரு சிறு வட்டத் தகட்டை நீரின் மேல் படியவைத்து, அதை நீரிலிருந்து பிரித்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைத் தராசால் நிறுத்துப் பார்த்தார்.

கருவி இவ்வளவுதான். இதில் விலையுயர்ந்த பொருள் ஒன்றுகூட இல்லை. ஆனால் அதற்கு முன்பு உலகில் எந்தப் பேராசிரியருக்கும் தோன்றாத ஒரு நுட்பம் இதில் இருந்தது. நீரின் மேலுள்ள அழுக்குப் படலத்தை விருப்பம்போல் நெருக்கவும் தளர்த்தவும் முடிந்தது. அதே பட்டையால் மேற்பரப்பை வழித்து ஒதுக்கி, முற்றிலும் சுத்தமான நீர்ப்பரப்பையும் உண்டாக்க முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத துளி எண்ணெய் பட்டாலும் அளவு பிழையாகிவிடும் இந்த வேலையில், இத்தகைய துப்புரவு இன்றியமையாதது.

அவர் கண்டது என்ன?

நீரின்மேல் சிறிது எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பை மெல்லச் சுருக்கிக்கொண்டே வரும்போது முதலில் ஒரு மாற்றமும் இல்லை. விறைப்பு, சுத்தமான நீரில் உள்ளது போலவே இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட அளவுக்குப் பரப்பு சுருங்கியதும் விறைப்பு சட்டென்று குறையத் தொடங்குகிறது. அந்தத் திருப்பு முனையை ஆக்னஸ் திரும்பத் திரும்ப அளந்தார்.

அதன் பொருள் அன்று எவருக்கும் முழுமையாக விளங்கவில்லை. இன்று நமக்குத் தெரியும். காலை வணக்கக் கூட்டத்துக்காகப் பள்ளி மைதானத்தில் மாணவியர் ஆங்காங்கே சிதறி நிற்கிறார்கள். ஒரு நீண்ட கயிற்றைப் பிடித்து அவர்களை ஒருபுறமாகத் தள்ளிக்கொண்டே போனால் முதலில் தடையே தெரியாது. தோளோடு தோள் உரசும்படி நெருங்கிவிட்ட பிறகுதான் கயிறு திருப்பித் தள்ளப்படும். எண்ணெயின் மூலக்கூறுகளும் அப்படித்தான். ஒரே ஒரு மூலக்கூறின் தடிப்புள்ள படலமாக நீரின்மேல் பரவி, தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் கணமே அந்தத் திருப்பு முனை. பிற்கால விஞ்ஞானிகள் அதற்குப் பொக்கெல்ஸ் புள்ளி என்று பெயரிட்டார்கள். அங்கே ஒவ்வொரு மூலக்கூறுக்கும் கிடைக்கும் இடம் மிகமிகச் சிறியது. ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் ஐந்து கோடி கோடி மூலக்கூறுகள் நிற்கின்றன! அடுக்களையிலுள்ள ஒரு தகரத் தொட்டி அத்தனை நுண்ணிய ஒன்றை அளக்கப் போதுமானதாக இருந்தது.

ஒரு கடிதமும் ஒரு பெருந்தகையும்

பத்தாண்டு உழைப்பின் பயன் குறிப்பேட்டிலேயே உறங்கியது. பட்டமும் பதவியும் இல்லாத ஒரு பெண் எழுதும் கட்டுரையை அச்சிட யார் முன்வருவார்? இந்நிலையில், இங்கிலாந்தின் புகழ்பெற்ற விஞ்ஞானி ராலே பிரபு நீர்ப்பரப்பிலுள்ள எண்ணெய்ப் படலங்களைப் பற்றி 1890-இல் ஆராய்ந்து வெளியிட்ட செய்தி ஆக்னஸுக்கு எட்டியது. தாம் தனிமையில் செய்துவந்த அதே ஆராய்ச்சி! துணிவை வரவழைத்துக்கொண்டு 1891-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் அவருக்கு ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதினார். தம் தொட்டியின் அமைப்பையும் தாம் கண்ட முடிவுகளையும் ஒளிக்காமல் விவரித்தார். தம்மால் இவற்றைச் சஞ்சிகைகளில் வெளியிட இயலாத நிலையையும் அடக்கத்தோடு தெரிவித்தார்.

ராலே பிரபு நினைத்திருந்தால் அக்கடிதத்தைக் குப்பைக் கூடையில் போட்டிருக்கலாம். அதிலுள்ள முறையைத் தமதாக்கிக்கொண்டும் இருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. அவருடைய மனைவியார் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். லண்டனிலிருந்து வெளிவரும் நேச்சர் என்ற விஞ்ஞான இதழுக்கு அதை அனுப்பி, இப்பெண்மணி எளிய வீட்டுச் சாதனங்களைக் கொண்டே அரிய முடிவுகளை எட்டியிருப்பதைச் சுட்டி, வெளியிடுமாறு பரிந்துரைத்தார் ராலே. 1891 மார்ச் 12-ஆம் நாள் இதழில் ஆக்னஸ் பொக்கெல்ஸின் பெயரோடு அது வெளியாயிற்று. அவருக்கு அப்போது வயது 29.

பின்னர் 1904-இல் நோபல் பரிசு பெற்ற ராலே பிரபுவின் பெருமைகள் பல. அவற்றுள், முன்பின் அறியாத ஒரு பெண்ணுக்கு உரிய பெருமையை அவளுக்கே கிடைக்கச் செய்த இந்த நேர்மையை நாம் முதலிடத்தில் வைக்கிறோம்.

அதன்பின் ஆக்னஸின் கட்டுரைகளுக்கு வழி பிறந்தது. நேச்சர் இதழிலேயே மேலும் சில வெளிவந்தன. ஒரு பொருளைப் பென்சீனில் கரைத்து, அக்கரைசலில் அளவறிந்த துளிகளை நீரின்மேல் இட்டால், பென்சீன் ஆவியாகி, பொருள் மட்டும் படலமாக நிற்கும் என்று காட்டினார். எவ்வளவு பொருள் எவ்வளவு பரப்பை மூடுகிறது என்பதைத் துல்லியமாகக் கணக்கிட இம்முறை உதவியது. இன்றும் ஆராய்ச்சிக்கூடங்களில் படலம் பரப்புவது ஏறக்குறைய இவ்வாறுதான்.

கடமையும் இழப்பும்

புகழ் வந்தது என்பதற்காக வீட்டு வேலை குறைந்துவிடவில்லை. நாளுக்கு நாள் பெற்றோரின் உடல்நிலை மோசமாயிற்று. தந்தையார் 1906-இலும் தாயார் 1914-இலும் காலமாயினர். இடையில் 1913-இல் அன்புத் தம்பியும் மறைந்தார். விஞ்ஞான உலகிலிருந்து ஆக்னஸுக்குச் செய்தி கொண்டுவந்த பாலம் அத்தோடு இடிந்தது. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. சஞ்சிகைகள் கிடைப்பது அரிதாயிற்று. இத்தனைக்கும் நடுவே 1902-இல் கடல் ஏற்றவற்றம் பற்றி ஜார்ஜ் டார்வின் எழுதிய ஆங்கில நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். திரவங்கள் திடப்பொருள்களின்மேல் பரவுவதைப் பற்றி 1914-இல் கட்டுரை எழுதினார்.

இவ்வாறு பெற்றோருக்குச் செய்த தொண்டைப் போற்றாமல் இருக்க முடியாது. ஆனால் தியாகம் என்ற ஒரு சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடவும் கூடாது என்று நமக்குத் தோன்றுகிறது. ஓய்வு நேரத்தில், தகரத் தொட்டியை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்தவர், நல்ல ஆசிரியரும் ஆராய்ச்சிக்கூடமும் கிடைத்திருந்தால் எவ்வளவு செய்திருப்பார்! அந்தக் கணக்கை எந்தத் தராசாலும் நிறுக்க முடியாது. அவர் அடைந்த இழப்பு அவரோடு நிற்கவில்லை. உலகமும் அதில் பங்கு கொண்டது.

விதை மரமாயிற்று

அமெரிக்காவில் ஸ்கெனெக்டடி நகரிலுள்ள ஜெனரல் எலக்ட்ரிக் ஆராய்ச்சிக்கூடத்தில் இர்விங் லாங்மியூர் என்ற இரசாயன மேதை, பொக்கெல்ஸின் தொட்டியைத் திருத்தியமைத்துப் பயன்படுத்தினார். 1917-இல் அவர் ஒரு விந்தையைக் காட்டினார். கொழுப்பு அமிலங்களில் சில குட்டையான மூலக்கூறுகள் கொண்டவை, சில நெட்டையானவை. ஆனால் நீர்ப்பரப்பில் இரண்டும் ஒரே அளவு இடத்தையே எடுத்துக்கொள்கின்றன. அப்படியானால் அவை படுத்திருக்கவில்லை, நிமிர்ந்து நிற்கின்றன! நீரை விரும்பும் தலையை நீரில் பதித்து, நீரை வெறுக்கும் வாலை மேலே தூக்கி, யாரும் கட்டளையிடாமல் அவை தாமாகவே அணிவகுக்கின்றன. பரப்பு இரசாயன ஆராய்ச்சிக்காக லாங்மியூருக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவருக்கு உதவியாக வந்தவர் காதரின் பிளாட்ஜெட் என்ற பெண்மணி. 1926-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் இவரே. தொட்டியில் கண்ணாடித் தகட்டை முக்கி முக்கி எடுத்து, ஒற்றை மூலக்கூறுப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வித்தையை இவர் வளர்த்தார். 1938-இல் இவ்வாறு 44 அடுக்குகள் பூசி, ஒளியை எதிரொளிக்காத கண்ணாடியைச் செய்துகாட்டினார். ஆக்னஸுக்குச் சாத்தப்பட்ட கதவு காதரினுக்குத் திறந்திருந்தது. அதன் பலனை உலகம் கண்டது.

பின்னர் திடப்பொருள்களின் மீதும் மூலக்கூறுகளைத் தாமாக அணிவகுக்கச் செய்ய விஞ்ஞானிகள் கற்றனர். 1946-இல் கண்ணாடி மீதும், 1983-இல் கந்தகம் கொண்ட மூலக்கூறுகளால் தங்கத்தின் மீதும் அத்தகைய படலங்கள் உருவாக்கப்பட்டன.

எல்லாவற்றிலும் நம் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. நம் நுரையீரலில் உள்ள நுண்ணிய காற்றறைகளின் உட்புறம் ஈரமானது. அந்த ஈரத்தின் விறைப்பு காற்றறைகளைச் சுருங்கி மூடச் செய்யும். அதைத் தடுப்பது அங்கே படர்ந்துள்ள ஒரு மெல்லிய கொழுப்புப் படலம். 1957-இல் ஜான் கிளெமென்ட்ஸ் என்ற மருத்துவர், பொக்கெல்ஸின் தொட்டி வழிவந்த கருவியைக் கொண்டே நுரையீரல் சாற்றின் இழுவிசை மிகக் குறைவாக இறங்குவதைக் காட்டினார். குறைமாதத்தில் பிறந்த சில குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பது அப்படலத்தின் குறைவால்தான் என்பதை 1959-இல் மேரி எல்லன் ஏவரி என்ற பெண் மருத்துவர் தம் சகா ஜெரி மீடுடன் கண்டறிந்தார். 1980-இல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா, அப்பொருளைக் குழந்தைகளின் நுரையீரலுக்குள் செலுத்திப் பயன் கண்டதை வெளியிட்டார். இன்று எத்தனையோ குழந்தைகள் இச்சிகிச்சையால் பிழைக்கின்றனர்.

இறுதிக் காலம்

ஆக்னஸ் அம்மையாருக்குப் பாராட்டு மிகத் தாமதமாகவே வந்தது. 1931-இல் ஜெர்மன் கூழ்ம இரசாயனச் சங்கம், பிரெஞ்சு விஞ்ஞானி ஹென்றி தெவோவுடன் சேர்த்து அவருக்கு ஒரு பரிசை வழங்கியது. 1932-இல் அவருடைய எழுபதாவது பிறந்த நாளையொட்டிப் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்ப உயர்கல்விக் கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. மாணவியாக நுழைய முடியாதவரை, அவருடைய சொந்த ஊரே டாக்டர் என்று அழைத்தது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1935 நவம்பர் 21-ஆம் நாள் அவர் காலமானார். அந்நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பள்ளிப் பிள்ளைகள் தம் கையாலேயே பரிசோதனை செய்து பழக இப்போது ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. அது தாங்கியிருப்பது ஆக்னஸ் பொக்கெல்ஸின் பெயரை.

அன்பு மாணவியரே! வசதி இல்லை, கருவி இல்லை என்று நாம் சோர்ந்துபோகும்போது அந்தத் தகரத் தொட்டியை நினைத்துக்கொள்வோம். கண் திறந்திருந்தால் கழுவுத் தொட்டியும் பாடம் சொல்லும். பெற்றோர்களுக்கும் நம் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. மகனுக்குத் திறக்கும் கதவை மகளுக்கும் திறந்துவையுங்கள். வீட்டு வேலைக்கு நடுவே ஒரு பெண் குழந்தை எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால், கடிந்துகொள்ளுமுன் அவள் என்ன பார்க்கிறாள் என்று ஒருமுறை கேளுங்கள்.